எதிர் வீட்டுத் தாள்

ஏளா நண்டு,

நீ போய் ஒரு வருடம் முடிந்து, போன மாதம் உனக்கு நினைவுப் பூசை கொடுத்தோம். பங்குச் சாமியார் உன் முழுப் பெயரை வாசித்தபோது வேறு யாரையோ சொல்லுகிறார் போல இருந்தது. நடக்கப் பழகிய நாளில் நேரே வராமல் சுவரோரமாக ஒருச்சாய்த்துப் போன பிள்ளைக்கு இந்தத் தெருவில் நண்டு என்றுதான் பெயர். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது வேண்டும். உன்னோடு வேலை பார்த்த ஆயிஷா, அந்தக் காயல்பட்டினத்துப் பிள்ளை, எழுத்துப் பிழையைத் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். பிழையைத் திருத்து, சொல்லைத் திருத்தாதே என்று சொல்லிவிட்டேன். பழைய ஊரைப் புதுப்பிக்கிற திட்டத்தைப் பற்றித் தெருக்காரர்கள் எழுதுவதை எல்லாம் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடுகிறார்களாம். இதுவும் அதில் வரும். ஆக, நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எதிர் வீட்டுச் செசீலியின் வீட்டைத் தரைமட்டமாக்கப் பார்த்தேன், நண்டு. கடப்பாரை எடுக்கவில்லை. வாயால்தான் செய்தேன்.

நீ மெட்ராசில் படித்து முடித்ததும் பெரிய பெரிய மாடி கட்டுகிற வேலை வந்தது. போகவில்லை. ஊருக்கே வந்து, பீச் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற நம்முடைய பழைய தெருக்களுக்குப் பிளான் போடுகிற கம்பெனியில் சேர்ந்தாய். எந்த வீட்டை வைத்துக்கொள்வது, எந்தச் சந்தில் கல் பாவி வண்டி வராமல் செய்வது, அந்த வண்டிகளை எங்கே நிறுத்துவது, எல்லாம் உங்கள் கையில் என்றாய். “ஒரு ஊர இடிக்காமலே புதுசாக்கலாம்மா” என்று நீ சொன்னபோது, “மொதல்ல நம்ம அடுக்களைல ஒழுகுதே, அதப் புதுசாக்கு” என்றேன். அதற்கும் சிரித்தாய். கையில் டேப்பும், வீட்டுக்கு ஒன்றென்று எழுதக் கட்டுக் கட்டாய்த் தாளுமாக வீடு வீடாகப் போனாய். நம் தெருவுக்கு வந்தபிறகுதான் எனக்குப் பிடித்தது வினை.

மாலத்தீவுத் தோணியில் ஏற்றுகிற வெங்காயத்தைச் சரக்குக் கிட்டங்கியில் நான் பொறுக்கிக்கொடுத்துவிட்டு வர மதியம் இரண்டு மணி ஆகும். கழிவு வெங்காயத்தை ஒரு சாக்கில் கொண்டுவந்து நம் வீட்டுப் பக்கச் சுவர் நிழலில் போடுவேன். தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் ஆய்ந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தால் செசீலியின் வாசல் நேர் எதிரே. உன் செருப்பு அங்கே கிடக்கும். மூன்று மணிக்குப் பார்த்தாலும் கிடக்கும், ஐந்து மணிக்குப் பார்த்தாலும் கிடக்கும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இருபது நாளுக்கு மேல். செசீலி பத்தாவது படித்தவள். கோயிலில் பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். இரண்டு மகன்களும் கப்பலில் இருக்கிறார்கள். பெண் பிள்ளை கிடையாது. நமக்கும் அவளுக்கும் ஒரு சொந்தமும் இல்லை, ஆனால் நீ அவளைச் சித்தி என்பாய். அந்தச் சித்தி என்கிற சத்தம் தெருவைத் தாண்டி எனக்குக் கேட்கும். கையில் இருக்கிற நல்ல வெங்காயத்தையும் சேர்த்து எறிந்துவிடுவேன்.

“என்னளா, இன்னைக்கும் அங்கனதானா?” என்று கேட்டேன் ஒருநாள்.

“வேலைம்மா.”

“அவ வீட்டுச் சுவத்த எத்தன நாளு அளப்ப?”

“சுவத்த அளக்கலம்மா. பேசுததக் கேட்டு எழுதுதேன்.”

“பேச எனக்கு வாயில்லையோ?”

“ஒனக்கு வாயில்லன்னு இந்தத் தெருவுல எவனாவது சொல்லிருவானா?” என்று சொல்லி என் தாடையைப் பிடித்தாய். உன் கையில் சுறாப்புட்டு வாசம். அவள் வீட்டில் தின்றுவிட்டு வந்திருக்கிறாய். நான் வைத்த சாளைக் குழம்பு அப்படியே இருந்தது. மறுநாள் நானும் சுறா வாங்கிப் புட்டு வைத்தேன். நீ “நல்லாருக்கும்மா” என்றாய். அவளுடையதைவிட நன்றாயிருக்கிறது என்று நீ சொல்லவில்லை என்பதைத்தான் நான் அன்றைக்கு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது அப்போது வந்த நோய் இல்லை. உனக்கு ஒன்பது வயதில், உன் அப்பா தோணியோடு போய்த் திரும்பாத அந்த வருடம், நீ புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்க வேண்டியிருந்தது. எனக்கு எழுந்து முகம் கழுவக்கூடத் தெம்பில்லை. உனக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்தது செசீலி. கழுத்தில் சின்னச் சின்னப் பூ வேலை, கைக்குச் சுருக்கம், கடையில் வாங்கியதுபோல் இருந்தது. நீ போட்டுப் பார்த்துவிட்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். கழற்றி வைத்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழ் மடிப்பை முழுக்கப் பிரித்து, என் கையால் திருப்பித் தைத்தேன். என் பிள்ளை உடுப்பில் என் தையலும் இருக்கட்டும் என்று. கோணலாகப் போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளும் நேராகப் போக, நீ மட்டும் முன்பக்கம் தூக்கியும் பின்பக்கம் தழைந்தும் பீடத்துக்குப் போனாய். செசீலி பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பேன்.

நம் தெரு வேலை முடிவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். அதைப் பற்றி எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, என்ன உடுத்துவது என்று பெண்கள் கேட்டார்கள். என் கல்யாணச் சேலையை எடுக்கச் சொன்னேன். செசீலி மூலையில் நின்று மெதுவாக, “நீலச் சுடிதாருன்னா அவளுக்கு உசுரு” என்றாள். அலமாரியைத் திறந்தால் நீலச் சுடிதார் மேலாகவே இருந்தது, தேய்த்து மடித்து. அவள் சொன்னதுதான் சரி. நீ நீலத்திலேயே போனாய். பெற்றவள் நான், எனக்குத் தெரியவில்லை, தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் அவள் தோளைத்தான் தட்டிக் கொடுத்தார்கள், அவள் சத்தமாக அழுததால். எனக்கு அழுகை வரவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அழுகை எங்கேயோ போய்விட்டது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

நாலு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். நீ முடிக்காமல் விட்டதை முடிக்க வந்திருப்பதாகச் சொன்னான். நான் சுவர் நிழலில் இருந்தேன். செசீலி வீடு பூட்டியிருந்தது, தங்கச்சி வீட்டுக்கு மணப்பாடு போயிருந்தாள்.

“எதிர் வீடு எவ்வளவு பழசும்மா?” என்று கேட்டான்.

உனக்குத் தெரியும், அது கடலுக்குள்ளிருந்து வெட்டி வந்த முருகைக்கல்லால் கட்டி, சிப்பிச் சுண்ணாம்பு பூசிய வீடு. நம் தெருவில் அதைவிடப் பழைய வீடு இல்லை. முன்பக்கத்தை மட்டும் அவள் புருசன் சிமெண்டு பூசிவிட்டான், அதனால் வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும். கொல்லையில் இருக்கிற கிணறு, கடல் இத்தனை பக்கத்தில் இருந்தும் உப்புக் கரிக்காது. குழாய் வருகிறவரைக்கும் தெருவே அதில்தான் குடித்தது, பிறகுதான் கல் போட்டு மூடினார்கள்.

“புது வீடுதான். என் கல்யாணத்துக்குப் பொறகு செங்கல்லுல கட்டுனது” என்றேன்.

“பின்னால ஏதோ கல்லு போட்டு மூடியிருக்கே, கிணறா?”

“கக்கூசுக் குழி.”

எழுதிக்கொண்டான். கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். அவன் போனதும் நான் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே இருந்தேன், உரிக்க ஒன்றும் மிச்சம் இல்லாமல் போகிற வரைக்கும். பயமாக இல்லை, நண்டு. குளிர்ச்சியாக இருந்தது.

நினைவுப் பூசை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பிளானைப் பெரிதாக அச்சடித்து வார்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். வைத்துக்கொள்ள வேண்டிய வீடு மஞ்சள், எடுக்க வேண்டியது சாம்பல். நம் வீடு மஞ்சளில் இருந்தது. ஒழுகுகிற அடுக்களையோடு இருக்கிற இந்த வீட்டில் என்ன இருக்கிறதென்று மஞ்சள் அடித்தார்கள், பிள்ளை வேலை பார்த்த பாவத்துக்கா என்று நினைத்துக்கொண்டேன். செசீலி வீடு சாம்பல். அதன் மேல் வண்டி நிறுத்துமிடம் என்று எழுதியிருந்தது. ஆட்சேபணை சொல்ல ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் செசீலி தெருவைத் தாண்டி என்னிடம் வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் சுவர் நிழலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரவில்லை, நின்றாள். முகம் கறுத்துப் போயிருந்தது.

“ஏளா, கெணத்தக் குழின்னு எழுதி வச்சிருக்கானுவ. வீடு போச்சுன்னா இந்த வயசுல நான் எங்கன போவேன்? எங்க வீட்டுக்கு நானே சாட்சி சொன்னா எடுத்துக்கிட மாட்டாங்களாம். நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன்.”

“பாப்போம்” என்றேன். அவள் யார் சொன்னது என்று கேட்கவில்லை. மகன்கள் கப்பலில் இருப்பதால் போன் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பூசைக்கு வந்த ஆயிஷா, உன் மேசையில் இருந்த சாமான்களை ஒரு பையில் கொண்டுவந்தாள். உன் டேப், தண்ணீர் பாட்டில், நம் தெருவைப் பற்றிய தாள்களின் நகல். “ஆன்ட்டி, உங்க வீட்டுத் தாள படிக்கட்டுமா? அவ எழுதுனதுலயே இதுதான் நீளம்” என்றாள். அப்போதுதான் நீங்கள் வேலை செய்த முறையைச் சொன்னாள். சொந்த வீட்டைப் பற்றி எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள், அதனால் ஒரு வீட்டைப் பற்றி எதிர் வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் தெருவில் சண்டை வரும். இந்த ஏற்பாட்டைச் செய்ததே நீதானாம். அந்த இருபது நாளும் நீ செசீலி வீட்டில் உட்கார்ந்து செசீலியைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்.

ஆயிஷா படித்தாள். செசீலி பேசினது பேசினபடியே இருந்தது. “அவ புருசன் கடல்ல போன அந்த வருசம் அவ வீட்டுக்குள்ளயே கெடந்தா. ஒருநா வெளிய வந்து சுவத்து நெழல்ல சாக்க விரிச்சு உக்காந்தா. மறுநா ரெண்டு பொம்பளைக கூட உக்காந்தாளுக. அன்னையிலருந்து அது பொம்பளைக எடம். எந்த வீட்டுல புருசன் அடிச்சாலும், எவ பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லன்னாலும் அங்கனதான் மொதல்ல தெரியும். அப்பல்லாம் என் வீட்டுக்குத் தண்ணிக்கு வருவாளுக, கோரிட்டுப் போயிருவாளுக. பேசணும்னா அவகிட்டதான் போவாளுக. நானும் இத்தன வருசமா சன்னல் வழியா பாக்கேன். ஒருநாகூட, வாளா, உக்காருன்னு அவ கூப்பிட்டதில்ல.” அதற்குக் கீழே உன் கையெழுத்தில் நாலு வரி: மூன்று மணி முதல் ஆறு மணி வரை நிழல். இந்தச் சுவரை எடுக்கக் கூடாது. எதிரே வண்டி நிறுத்தக் கூடாது. ஆயிஷா நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப எதிர்லதான் பார்க்கிங் வருது. அந்த வீட்டுத் தாள மட்டும்தான் அவ காலியா விட்டிருந்தா ஆன்ட்டி. எங்கம்மாகிட்ட கேக்கணும், அதக் கடைசியா வச்சுக்கிடுதேன்னு சொல்லிட்டே இருந்தா. அதுக்குள்ள படுத்துட்டா.”

கூட்டத்துக்குப் போனேன். மண்டபம் நிறைய ஆள். முன்னால் அதிகாரி, பக்கத்தில் அந்தப் பையன். செசீலி வெள்ளைச் சேலை கட்டி, கையில் பழைய பத்திரத்தோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் பேரைக் கூப்பிடுகிற வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

“சார், எதிர் வீட்டப் பத்தி நான் எழுதிக் குடுத்தது பொய். அது முருகைக்கல்லு வீடு. பின்னால இருக்கது கெணறு.”

“மொதல்ல ஏம்மா மாத்திச் சொன்னீங்க?”

“பொறாமை. எழுதிக்கிடுங்க.”

மண்டபமே சிரித்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “காரணம்ங்கிற எடத்துல அத எப்படிம்மா எழுதுறது?” பின்னாலிருந்து ஒருவன், “ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு பார்க்கிங்க காலி பண்ணப் பாக்காளுவ சார்” என்று கத்தினான். “ஏலே, நாங்க பேசுனா இந்த வம்பே வந்திருக்காதுலே” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். செசீலி மட்டும் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து மண்டப வாசலில் வந்து நின்று கேட்டாள்.

“எங்க வீட்டுக் கெணத்தக் கக்கூசுக் குழின்னா சொன்ன?”

“ஆமா.”

“அதுல குடிச்சு வளந்த பிள்ளைளா நண்டு.”

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு இடம் இருந்தது, கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து அதிகாரிகள் வந்து கல்லை நகர்த்தினார்கள். சிமெண்டைச் சுரண்டிப் பார்த்தார்கள், முருகைக்கல் வெள்ளையாக, துளைத் துளையாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. பையன் எழுதியதைத் தள்ளிவிட்டு, செசீலி வீட்டுக்கு ஒரு காலித் தாளை ஆயிஷா என் முன்னால் வைத்து, “சொல்லுங்க ஆன்ட்டி, இது உங்க தாள்” என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். எந்த வாசல் தேக்கு, எது வேம்பு, எந்த மழைக்கு எந்த மூலை ஊறும், அவள் மாமியார் எங்கே சாய்ந்து செபமாலை சொல்வாள், கிணற்றடியில் எந்தக் கல் வழுக்கும், மூத்த மகன் கப்பலுக்குப் போன அன்று செசீலி எந்தச் சன்னலைச் சாத்தினாள். ஆயிஷா மூன்று தாள் கூடுதலாக ஒட்டினாள். நம் வீட்டைப் பற்றிக் கேட்டால் எனக்கு இவ்வளவு சொல்லத் தெரியாது. முப்பது வருடம் அந்த வீட்டையே எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. புதுப் பிளானில் செசீலி வீடு மஞ்சளாகிவிட்டது. வண்டிகளை உப்புக் கிட்டங்கிக்கு அந்தப் பக்கம் நிறுத்தப் போகிறார்களாம்.

செத்துப்போன பிள்ளைக்குப் புத்தி சொல்கிறாளே என்று படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீ இருந்தால் சொல்லியிருப்பேன்: ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால், எதிர் வீட்டிலிருந்து ஒருத்தி உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள். சண்டை வரக் கூடாது என்று எதையும் மூடி வைக்காதே. சண்டை வந்தால் ஒரு நாளில் தீரும். இந்தப் பிளான் போடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன். செசீலியோடு எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய்க் கையெழுத்துத்தான். போன வாரம் அவள் நிழலுக்கு வந்தாள். “வாளா, உக்காரு” என்றேன், அந்த வார்த்தையைக் கேட்காமல் அவள் உட்கார மாட்டாள் என்று தெரிந்ததால். இருபது நாளும் நீ என்ன பேசினாய் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் சிரித்துவிட்டு, “அது எங்களுக்குள்ள” என்று நிறுத்திவிட்டாள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. உன் குரல் கேட்ட இருபது மதியம் அவளிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை.

எல்லா வீட்டையும் முடித்த நீ அந்த ஒரு தாளை மட்டும் ஏன் கடைசிக்குத் தள்ளினாய், நண்டு? நான் என்ன சொல்வேன் என்று உனக்கு முன்னமே தெரிந்து பயந்தா, இல்லை, வேலையெல்லாம் முடித்துவிட்டு அவசரம் இல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்காரலாம் என்றா?